வீட்டிலிருக்கும் தமிழ் வேதாகமத்துக்குப் பக்கத்தில் எந்த ஆங்கில வேதாகமம்?

நீங்கள் கேட்டது இதுதான். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு. அம்மா வாசிப்பது பழைய தமிழ் வேதாகமம். மனைவி கத்தோலிக்கர், அவர் கையில் கத்தோலிக்கரின் தமிழ் வேதாகமமான திருவிவிலியம். பிள்ளைகள் இருவரும் ஆங்கில மூலம் படிக்கிறார்கள், மூத்தவருக்கு அடுத்த வருஷம் ஓ/எல் பரீட்சை. இராத்திரி ஜெபத்தில் ஒருவர் வாசிக்கிற வசனம் மற்றவரின் புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறது, சிலவேளை வசனமே இல்லை. என்.ஐ.வி. (நியூ இன்டர்நேஷனல் வெர்ஷன்) என்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் மத்தேயு 17:21-ஐ வெட்டிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வேறு ஒரு செய்தி. கே.ஜே.வி., அதாவது பழைய கிங் ஜேம்ஸ் மட்டும்தான் நம்பத்தக்கதா, இல்லாவிட்டால் எதை வாங்குவது?

"எது சிறந்தது" என்று தேடத் தொடங்கினால் முடிவே கிடைக்காது. தமிழ் வீட்டில் ஆங்கில வேதாகமம் தனியாக வாசிக்கப்படுவது குறைவு. பக்கத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் விரிந்திருக்கும். அந்தத் தமிழ்ப் புத்தகத்தோடு எது ஒத்துப்போகும் என்று முதலில் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். உங்கள் வீட்டில் தமிழே இரண்டு விதமாக இருக்கிறது. அதனால் என் பரிந்துரையும் ஒன்றாக இல்லை: அம்மாவோடு சேர்ந்து வாசிக்க நியூ கிங் ஜேம்ஸ், அதாவது என்.கே.ஜே.வி.; மனைவிக்கு ஆர்.எஸ்.வி. (ரிவைஸ்ட் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) இரண்டாம் கத்தோலிக்கப் பதிப்பு, பிள்ளைகளுக்கு என்.எல்.டி. (நியூ லிவிங் டிரான்ஸ்லேஷன்) அல்லது என்.ஐ.வி. ஏன் என்று கீழே சொல்கிறேன். காரணம் விளங்கினால் என் தெரிவை மாற்றி உங்கள் தெரிவைச் செய்துகொள்ளலாம்.

முதலில் அந்த மத்தேயு 17:21. "இந்த ஜாதிப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்பது அம்மாவின் புத்தகத்தில் இருக்கிறது, கே.ஜே.வி.யிலும் இருக்கிறது. என்.ஐ.வி.யில் 20-க்குப் பிறகு நேராக 22 வரும். யாரோ வெட்டியது போலத்தான் தெரியும். நடந்தது வேறு. புதிய ஏற்பாட்டுக்கு வசன எண்களைப் போட்டவர் ரோபர்ட் எஸ்தியேன் என்ற பாரிஸ் அச்சகக்காரர், வருஷம் 1551. அவருக்கு முன்னால் இருந்த கிரேக்கப் பாடம், அதாவது மூல வாசகம், எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் அச்சிட்ட பதிப்பிலிருந்து வளர்ந்தது. எராஸ்மஸுக்குக் கிடைத்த கையெழுத்துப் பிரதிகள் சில, அவையும் பிற்காலத்தவை. 1611-இன் கே.ஜே.வி. அந்தப் பாடத்தைத்தான் பின்பற்றியது. அதன்பின் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகள் ஆராய்ச்சிக்கு வந்தன. அவற்றில் மத்தேயுவின் இந்த வசனம் இல்லை. மாற்கு 9:29-இல் இதே பேச்சு வருகிறது. அங்கிருந்து பிரதி எடுத்த யாரோ மத்தேயுவுக்குள்ளும் எழுதியிருக்கலாம் என்பது இன்றைய அறிஞர்களின் பொதுவான முடிவு. புதிய மொழிபெயர்ப்புகள் வசனத்தை அடிக்குறிப்புக்கு இறக்கிவிட்டு, மற்ற எண்களைக் குழப்பாமல் இருக்க 21-ஐத் தாண்டிச் செல்கின்றன. அதே பக்கத்தின் அடியைப் பாருங்கள், வசனம் சின்ன எழுத்தில் அங்கே இருக்கும்.

இப்படி முழு வசனமாகக் கீழே இறங்கிய இடங்கள் என்.ஐ.வி.யில் சுமார் 16. அப்போஸ்தலர் 8:37, மாற்கு 11:26, யோவான் 5:4, ரோமர் 16:24 எல்லாம் அந்தக் கணக்கில் வரும். 1 யோவான் 5:7 அதிலும் விசேஷமானது. "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர்" என்ற பகுதியை எராஸ்மஸே தம் முதல் இரண்டு பதிப்புகளில் போடவில்லை, 1522-இல்தான் சேர்த்தார். மாற்கு 16:9–20, யோவான் 7:53–8:11 ஆகிய இரண்டு நீண்ட பகுதிகளை எல்லோரும் அச்சிடுகிறார்கள். ஆனால் புதியவற்றில் பெரும்பாலும் அடைப்புக்குள், அல்லது மேலே ஒரு கோடும் குறிப்பும் போட்டு. இவற்றால் எந்தச் சபையின் விசுவாச அறிக்கையும் மாறப்போவதில்லை. உபவாச ஜெபத்தில் போதகர் மத்தேயு 17:21-ஐ எடுத்துப் பேசும்போது உங்கள் மகன் கையில் என்.ஐ.வி.யை வைத்துக்கொண்டு தேடுவானே, சிக்கல் அதுதான்.

அம்மாவுக்குப் பக்கத்தில் என்.கே.ஜே.வி. என்று சொன்னது இதனால்தான். தமிழ்ப் புரொட்டஸ்தாந்து சபைகளில் பெரும்பாலும் வாசிக்கப்படுவது ஹென்றி பவர் தலைமையில் 1871-இல் முடிந்த பவர் திருப்புதல், அம்மாவின் புத்தகம் அதுதான். கே.ஜே.வி.யில் இருக்கிற மேற்சொன்ன வசனங்கள் எல்லாம் அதிலும் இருக்கின்றன. என்.கே.ஜே.வி.யின் புதிய ஏற்பாடு 1979-இலும் முழு வேதாகமம் 1982-இலும் வந்தன. அதுவும் அந்தப் பழைய கிரேக்கப் பாடத்தையே மொழிபெயர்க்கிறது. எனவே தமிழில் ஒருவர், ஆங்கிலத்தில் ஒருவர் என்று மாறி மாறி வாசித்தால் வசனம் தொலையாது. இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. பாட வேறுபாடு வருகிற ஒவ்வொரு முக்கிய இடத்திலும் "என்-யு பாடத்தில் இது இல்லை", "எம் பாடத்தில் இப்படி" என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுவார்கள். என்-யு என்றால் இன்றைய ஆய்வுப் பதிப்பு, எம் என்றால் பெரும்பான்மைப் பிரதிகளின் பாடம். வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதில் தேட அந்தக் குறிப்புகளே போதும். வாங்கும்போது அடிக்குறிப்பு உள்ள பதிப்பா என்று பாருங்கள். மலிவுப் பதிப்புகள் சிலவற்றில் இடம் மிச்சம் பிடிக்கக் குறிப்புகளை எடுத்துவிடுகிறார்கள்.

கே.ஜே.வி.யையே வாங்கினால் என்ன? அதன் ஓசைக்கு இணை இல்லை. மனப்பாட வசனத்துக்கும் பழைய ஆங்கிலப் பாட்டுகளுக்கும் அது வேண்டும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவு (ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்ற பட்டியல்) கே.ஜே.வி.யை வைத்துத்தான் எண் போட்டது. ஆப்களில் ஒரு சொல்லைத் தொட்டதும் வருகிற எபிரெய, கிரேக்க எண்கள் அவைதான். என்.ஐ.வி.க்கான அச்சுச் சொல்லடைவு வேறு எண்முறையில் இருப்பதால், இரண்டையும் கலந்தால் தவறான சொல்லில் போய் நிற்பீர்கள்.

ஆனால் ஆங்கில மூலம் படிக்கிற பிள்ளைக்கு அதை மட்டும் கொடுக்காதீர்கள். தெரியாத சொல் வந்தால் பிள்ளை அகராதியைப் பார்க்கும். தெரிந்த சொல் வேறு அர்த்தத்தில் வந்தால் பார்க்காது. 1 தெசலோனிக்கேயர் 4:15-இல் வரும் 'பிரிவென்ட்' அன்று "முந்திக்கொள்" என்று பொருள் தந்தது. 2 தெசலோனிக்கேயர் 2:7-இன் 'லெட்' என்றால் "தடைசெய்", இன்றைய அர்த்தத்துக்கு நேர் எதிர். மாற்கு 10:14-இன் 'சஃபர்' என்றால் "இடங்கொடு". பிலிப்பியர் 1:27-இன் 'கான்வர்சேஷன்' பேச்சு அல்ல, நடக்கை. இந்த நாலு இடத்திலும் அம்மாவின் தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் சரியான பொருள் அப்படியே இருக்கும். கே.ஜே.வி. வாசிக்கிற தமிழருக்கு பவர் திருப்புதல் நல்ல அகராதி. கடையில் நீங்கள் வாங்கும் கே.ஜே.வி. 1611-இல் அச்சான எழுத்து வடிவத்தில் இருப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் 1769-இல் ஒக்ஸ்பர்ட்டில் திருத்திய வடிவம் அது.

'தௌ', 'தீ' என்று கடவுளை அழைப்பது மரியாதைக்காக என்று பலர் நினைக்கிறார்கள். 1611-இல் அது வெறும் ஒருமை. பிசாசையும் அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் அந்த ஒருமை–பன்மை வேறுபாடு உபயோகமானது, இன்றைய ஆங்கிலம் அதை இழந்துவிட்டது. லூக்கா 22:31–32-ஐ எடுங்கள். "சாத்தான் உங்களைப் புடைக்கிறதற்கு உத்தரவு கேட்டுக்கொண்டான், நானோ உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்." சோதனை எல்லோருக்கும், ஜெபம் பேதுருவுக்கு. கே.ஜே.வி.யில் இது தெரியும். ஈ.எஸ்.வி.யில் (இங்கிலிஷ் ஸ்டாண்டர்ட் வெர்ஷன்) இரண்டும் 'யூ'. பன்மை என்று அடிக்குறிப்பு மட்டும் சொல்லும். என்.ஐ.வி. 2011-உம் ஆர்.எஸ்.வி.யின் புதிய திருத்தமான என்.ஆர்.எஸ்.வி.யும் 'ஆல் ஒஃப் யூ' என்று எழுதிக் காப்பாற்றிவிட்டன. தமிழ் ஒரு படி மேலே போகிறது. மாற்கு 4:38-இல் படகிலிருந்த சீஷர்கள் "நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா" என்று கேட்பதாகப் பவர் எழுதுகிறது. "நாம்" என்று போட்டிருந்தால் இயேசுவும் சேர்ந்து மூழ்குவதாகியிருக்கும். கிரேக்கமோ ஆங்கிலமோ இந்தத் தெரிவை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்பதில்லை, தமிழ் கேட்கிறது. ஆங்கிலத்தில் சந்தேகம் வரும் இடத்தில் தமிழைப் பார்ப்பது பின்வாங்கல் என்று பிள்ளைகள் நினைக்கக் கூடாது.

அடுத்தது மொழிபெயர்க்கும் முறை. ஒரு பக்கம் மூலச் சொல்லுக்குச் சொல் நிற்கப் பார்ப்பவை: என்.ஏ.எஸ்.பி. (நியூ அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் பைபிள்), கே.ஜே.வி., என்.கே.ஜே.வி., ஈ.எஸ்.வி., ஆர்.எஸ்.வி. மறுபக்கம் கருத்தை எடுத்து இன்றைய ஆங்கிலத்தில் சொல்பவை: என்.எல்.டி., குட் நியூஸ் பைபிள். நடுவில் என்.ஐ.வி., சி.எஸ்.பி. (கிறிஸ்டியன் ஸ்டாண்டர்ட் பைபிள்). என்.ஆர்.எஸ்.வி. முதல் அணிக்குக் கிட்ட நிற்கும். இதைக் கேட்டதும் முதல் அணி "சரி", இரண்டாம் அணி "சுலபம்" என்று தோன்றும். அவ்வளவு நேராக இல்லை.

ரோமர் 3:25 நல்ல உரைகல். பவரில் "கிருபாதாரபலி". கே.ஜே.வி., என்.கே.ஜே.வி., ஈ.எஸ்.வி., என்.ஏ.எஸ்.பி. நாலும் 'ப்ரொபிஷியேஷன்' என்கின்றன, அதாவது தெய்வ கோபத்தைத் தணிக்கும் பலி. ஆர்.எஸ்.வி. 'எக்ஸ்பியேஷன்' என்கிறது, பாவத்தைத் துடைத்து நீக்குவது. என்.ஐ.வி.யும் என்.ஆர்.எஸ்.வி.யும் 'சாக்ரிஃபைஸ் ஒஃப் அடோன்மென்ட்' என்று இரண்டுக்கும் இடம் விட்டு நிற்கின்றன. என்.எல்.டி. பாவத்துக்கான பலி என்று முடித்துவிடுகிறது, குட் நியூஸ் பாவம் மன்னிக்கப்படும் வழி என்று இன்னும் கரைத்துவிடுகிறது. கிரேக்கச் சொல் எபிரேயர் 9:5-இலும் வருகிறது. அங்கே பவர் அதைக் "கிருபாசனம்" என்று மொழிபெயர்க்கிறது, உடன்படிக்கைப் பெட்டியின் மூடி. சுலபமான மொழிபெயர்ப்பில் அந்தத் தொடர்பு கண்ணுக்கே படாது. அதற்காக, 'ப்ரொபிஷியேஷன்' என்று வாசித்த பதினைந்து வயதுப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஒன்றும் விளங்காது. முதலில் என்.எல்.டி.யில் பந்தி முழுவதையும் வாசித்துக் கருத்தைப் பிடித்துவிட்டு, பிறகு என்.கே.ஜே.வி.யில் அந்த ஒரு வசனத்தில் நிற்பதுதான் பலன் தரும் ஒழுங்கு. எதிர் ஒழுங்கில் போனால் பிள்ளை பாதியில் போனை எடுத்துவிடும்.

ரோமர் 8-இல் 'மாம்சம்' என்பதும் அப்படித்தான். 1984-இன் என்.ஐ.வி. அதைப் "பாவ இயல்பு" என்று விளக்கமாகவே எழுதியது. உடல் கெட்டது என்று வாசகர் எண்ணிவிடக் கூடாது என்ற கவலை. 2011-இல் பெரும்பாலான இடங்களில் 'ஃப்ளெஷ்' என்று திருப்பிக்கொண்டார்கள். திருவிவிலியம் "ஊனியல்பு" என்கிறது. என் பார்வையில் அது மற்ற எல்லாவற்றையும் விட நல்ல தெரிவு; சொல்லும் நிற்கிறது, கருத்தும் வருகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்.ஐ.வி. என்று அட்டையில் போட்டிருந்தால் ஒரே புத்தகம் என்று நினைக்காதீர்கள். 1978-இல் முழுமையாக வந்தது, 1984-இல் திருத்தம், 2011-இல் பெரிய திருத்தம். 2011-க்குப் பிறகு பழையதை அச்சிடுவதை நிறுத்திவிட்டார்கள், ஆப்களிலும் புதியதே இருக்கிறது. மருதானை டி.ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 1984. சங்கீதம் 23:4-ஐத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்: மரண நிழலின் பள்ளத்தாக்கு என்றிருந்தால் 1984, மிக இருண்ட பள்ளத்தாக்கு என்றிருந்தால் 2011. மாமா கையில் பழைய புத்தகம், பிள்ளை கையில் போன், இரண்டும் என்.ஐ.வி., இரண்டும் வேறு வேறு. ஞாயிறு பாடசாலை மனப்பாடப் போட்டிகளில் இதனால் சண்டையே வரும். ஈ.எஸ்.வி.யும் 2001-இல் வந்தபின் 2007, 2011, 2016 என்று மாறியிருக்கிறது. 2016-இல் இனி மாற்றமே இல்லை என்று அறிவித்து, சில வாரங்களிலேயே அந்த முடிவைக் கைவிட்டார்கள். எந்த மொழிபெயர்ப்பானாலும் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பதிப்புரிமை வருஷத்தைப் பாருங்கள். கடைசியாகப் போட்டிருக்கும் வருஷமே நீங்கள் வாங்குவது எது என்று சொல்லும்.

இனி மனைவியின் பக்கம். கத்தோலிக்கருக்கு முதல் கேள்வி புத்தகங்களின் எண்ணிக்கை. 66 உள்ள பதிப்பில் தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, மக்கபேயர் இரண்டும் இல்லை. எஸ்தர், தானியேல் ஆகியவற்றின் கிரேக்கப் பகுதிகளும் இல்லை. திருவிவிலியத்தில் எல்லாம் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதே மொழிபெயர்ப்பு இரண்டு வடிவிலும் விற்கப்படுகிறது. அட்டையில் 'கத்தலிக் எடிஷன்' என்றோ 'வித் அபோக்ரிஃபா' என்றோ இருக்க வேண்டும். இவை இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் அந்தப் புத்தகங்கள் பழைய ஏற்பாட்டுக்குள் தத்தம் இடத்தில் இருக்கும். இரண்டாவதில் இரு ஏற்பாடுகளுக்கும் நடுவிலோ கடைசியிலோ தனிக் கட்டாக இருக்கும். 1611-இன் கே.ஜே.வி.யிலேயே அவை நடுவில் இருந்தன. 1826-இல் பிரித்தானிய வேதாகமச் சங்கம் அவற்றுக்குப் பணம் செலவிடுவதில்லை என்று முடிவெடுத்த பிறகுதான் மலிவுப் பதிப்புகளிலிருந்து மறைந்தன.

ஆர்.எஸ்.வி. இரண்டாம் கத்தோலிக்கப் பதிப்பு 2006-இல் வந்தது. பழைய ஆர்.எஸ்.வி. கடவுளிடம் பேசும் இடங்களில் மட்டும் 'தௌ' வைத்திருந்தது, இதில் அதை எடுத்துவிட்டார்கள். ஏசாயா 7:14-இல் 1952-இன் ஆர்.எஸ்.வி. "இளம்பெண்" என்று போட்டுப் பெரிய எதிர்ப்பைச் சம்பாதித்தது. 2006-இல் "கன்னி" என்று மாற்றினார்கள். எபிரெயச் சொல் இளம்பெண் என்றும் பொருள்தரும், கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்து கன்னி என்றே எழுதியது, மத்தேயு 1:23 அதை மேற்கோள் காட்டுகிறது. என்.ஆர்.எஸ்.வி.யும் அமெரிக்கக் கத்தோலிக்கரின் 2011 திருத்தப் பதிப்பான என்.ஏ.பி.ஆர்.ஈ.யும் இளம்பெண் என்றே வைத்திருக்கின்றன. மத்தேயுவில் எல்லோரும் கன்னி என்றுதான் எழுதுகிறார்கள். இந்த ஒரு வசனத்தை வைத்து ஒரு மொழிபெயர்ப்பின் விசுவாசத்தை அளக்கிற பழக்கம் நியாயமானதில்லை. ஆனால் அந்தக் குழு பழைய ஏற்பாட்டை எப்படி வாசிக்கிறது என்று அது காட்டும்.

ஜெருசலேம் பைபிள் 1966-இலும் நியூ ஜெருசலேம் 1985-இலும் வந்தவை. வாசிக்க இனிமையானவை, குறிப்புகள் ஆழமானவை. "யாவே" என்ற பெயரை நேரடியாக அச்சிடுகின்றன. வழிபாட்டில் அப்படி உச்சரிக்க வேண்டாம் என்று 2008-இல் வத்திக்கான் கேட்டுக்கொண்டது, அதனால் சத்தமாக வாசிக்கும்போது மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். மற்ற மொழிபெயர்ப்புகளில் 'லோர்ட்' முழுவதும் பெரிய எழுத்தில் இருந்தால் அங்கே அந்தத் திருப்பெயர் இருக்கிறது என்று அர்த்தம். பவர் இதைச் சொல்லாலேயே பிரித்துவிடுகிறது. சங்கீதம் 110:1, "கர்த்தர் என் ஆண்டவரை நோக்கி". ஆங்கிலத்தில் இரண்டும் 'லோர்ட்'. சில ஆப்களில் பெரிய எழுத்தும் காணாமல் போய்விடும்.

என்.ஏ.பி.ஆர்.ஈ.யைத் தமிழோடு சேர்த்து வாசிப்பவர்கள் எண்களில் தடுமாறுவார்கள். அது எபிரெய எண்ணிடலைப் பின்பற்றுகிறது. பவரில் யோவேல் 2:28 அதில் 3:1. மல்கியா நாலாம் அதிகாரம் அதில் இல்லவே இல்லை, 3:19 முதல் தொடரும். சங்கீதங்களில் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால் 51-ஆம் சங்கீதத்தின் "எனக்கு இரங்கும்" 51:3-இல் வரும். புத்தகம் பிழையில்லை. ஆனால் வீட்டு ஜெபத்தில் இராத்திரி ஒன்பது மணிக்கு யாருக்கும் இதை விளக்கப் பொறுமை இருக்காது.

பெங்களூரில் வெளியான ஈ.எஸ்.வி. கத்தோலிக்கப் பதிப்பு, 2018, இன்னொரு நல்ல தெரிவு. என்.எல்.டி.க்கும் கத்தோலிக்கப் பதிப்பு உண்டு. கொட்டாஞ்சேனையிலோ பம்பலப்பிட்டியிலோ ஆங்கிலப் பூசைக்குப் போகிறீர்களானால், வாசகப் புத்தகத்தின் முன்பக்கத்தில் எந்த மொழிபெயர்ப்பு என்று போட்டிருக்கும். மனைவி வாசகராக இருந்தால் வீட்டில் ஒத்திகை பார்க்க அதையே வாங்குவது நல்லது.

பிள்ளைகளுக்கு வருகிறேன். என்.எல்.டி. 1996-இல் வந்து 2004-இல் நன்றாகத் திருத்தப்பட்டது. அதற்கு முந்திய லிவிங் பைபிள் ஒருவர் தம் பிள்ளைகளுக்காகச் செய்த விரித்துரை, என்.எல்.டி. அறிஞர் குழு மூலத்திலிருந்து செய்தது. இரண்டையும் ஒன்றென்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். எபேசியர் 1:3–14 கிரேக்கத்தில் சுமார் 200 சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம். கே.ஜே.வி.யில் மூச்சு வாங்கும். என்.எல்.டி.யில் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைந்திருக்கும். பத்து வயதுக்கு என்.எல்.டி. அல்லது குட் நியூஸ், ஓ/எல் வயதுக்கு என்.ஐ.வி. என்பது பொருத்தமான பிரிவு. ஓ/எல் பாடத்துக்கு ஆசிரியர் வகுப்பில் எதை வாசிக்கிறார் என்று கேட்டு அதையே எடுத்தால், மேற்கோள் எழுதும்போது பிள்ளை தடுமாறாது. எதுவானாலும் பிரித்தானிய எழுத்துக்கூட்டல் உள்ள ஆங்கிலைஸ்ட் பதிப்பைக் கேளுங்கள். இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பது அந்த எழுத்துக்கூட்டல்தான்.

"சகோதரரே" என்ற விளிப்பு பற்றியும் பிள்ளைகள் கேட்பார்கள். என்.ஐ.வி. 2011, என்.ஆர்.எஸ்.வி., என்.எல்.டி. மூன்றும் சகோதரிகளையும் சேர்த்து எழுதுகின்றன. ஈ.எஸ்.வி. அடிக்குறிப்பில் சொல்கிறது. பவுலின் கடிதங்களில் சேர்த்து எழுதுவது கருத்துக்குச் சரி. சங்கீதம் 1:1-இல் "மனுஷன்" என்ற ஒருமையை என்.ஆர்.எஸ்.வி. பன்மையாக்குவதில் தனி மனிதன் கூட்டத்தை எதிர்த்து நிற்கும் அழுத்தம் போய்விடுகிறது. அதே கொள்கை ஒரு இடத்தில் உதவுகிறது, இன்னொரு இடத்தில் கெடுக்கிறது.

இரண்டாம் புத்தகமாக மட்டும் வைக்க வேண்டியவை சில. மெசேஜ், யூஜின் பீட்டர்சன் என்ற ஒரே போதகரின் நடை. தீர்க்கதரிசிகளை வாசிக்க உற்சாகம் தரும், வேத ஆராய்ச்சிக்கு ஆகாது. ஆம்ப்ளிஃபைட் பைபிள் ஒரு சொல்லுக்கு அடைப்புக்குள் பல பொருள்களைத் தரும். வாசிப்பவர் பிடித்ததை எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு, ஒரு இடத்தில் ஒரு சொல்லுக்கு எல்லாப் பொருளும் இருப்பதில்லை. பாஷன் டிரான்ஸ்லேஷன் ஒருவர் வேலை, மூலத்தில் இல்லாததும் நிறையச் சேர்ந்திருக்கிறது. யெகோவா சாட்சிகள் இலவசமாகத் தரும் நியூ வேர்ல்ட் பதிப்பில் யோவான் 1:1-இல் வார்த்தையானவர் "ஒரு தேவன்" என்றிருக்கும். மற்றத் திருச்சபைகள் எதுவும் அதை ஏற்பதில்லை.

வாங்கும் முன் ஒரு மாலை ஒதுக்குங்கள். யூவெர்ஷன் ஆப்பில் தமிழோடு இந்த ஆங்கிலப் பதிப்புகளில் பெரும்பாலானவை இலவசமாக இருக்கின்றன, ஒரு வசனத்தைத் தொட்டால் ஒப்பிடும் வசதி வரும். லூக்கா 22:31–32, ரோமர் 3:21–26, சங்கீதம் 23, ஏசாயா 7:14, மாற்கு 16-இன் முடிவு ஆகிய ஐந்தையும் மூன்று நாலு பதிப்புகளில் பாருங்கள். பிறகு எபேசியர் முதல் அதிகாரத்தைப் பிள்ளையைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, எங்கே திக்குகிறது என்று கவனியுங்கள். ஆப் போதுமே என்று தோன்றலாம். வீட்டு ஜெபத்துக்குக் கடதாசிப் புத்தகம்தான் நல்லது, போனில் அறிவித்தல் வராமல் ஒரு அதிகாரம் முடிவதில்லை.

கடைக்குப் போகும்போது, கொள்ளுப்பிட்டி காலி வீதியில் இலங்கை வேதாகமச் சங்கம் இருக்கிறது. 1812-இல் கொழும்பில் தொடங்கியது. தமிழ்ப் பதிப்புகளையும் அங்கேயே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எழுத்து அளவு அம்மாவுக்கு 11 அல்லது 12 புள்ளிக்குக் குறையக் கூடாது. கைக்கடக்கப் பதிப்புகள் 6, 7 புள்ளியில்தான் இருக்கும், மாலை வெளிச்சத்தில் இளையவர்களுக்கே கஷ்டம். ஒரு தாளை மட்டும் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடியுங்கள், பின்பக்க எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று பார்க்கலாம். வரிகள் முன்னும் பின்னும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் மெல்லிய தாளிலும் வாசிக்கலாம். புத்தகத்தின் முதுகை மேலிருந்து பாருங்கள். சின்னச் சின்னக் கட்டுகளாக மடித்து நூலால் தைத்திருந்தால் வருஷக்கணக்கில் நிற்கும். வெறும் பசையென்றால் ஆதியாகமமும் வெளிப்படுத்தலும் முதலில் கழன்றுவிடும். தைத்த புத்தகம் ஆதியாகமம் முதல் பக்கத்தில் திறந்தாலும் மேசையில் தட்டையாகக் கிடக்கும்.

அட்டை விஷயத்தில் கொழும்புக் காற்றை மறக்க வேண்டாம். தோல் போல இருக்கும் பாலியூரிதேன் அட்டை, ஈரமும் சூடும் சேர்ந்த காற்றில் வேதியியல் ரீதியாகவே சிதைந்து ஒட்டும், பிறகு செதில் செதிலாக உரியும். கடற்கரையோர வீட்டில், அலமாரிக்குள் பூட்டி வைத்தால் இன்னும் சீக்கிரம். தோல்தூளை ஒட்டிச் செய்த அட்டையும் மடிப்பில் வெடிக்கும். துணி ஒட்டிய கெட்டி அட்டை, அல்லது அசல் தோல், இரண்டில் ஒன்றை எடுங்கள். பொன் பூசிய ஓரம் உள்ள புதுப் புத்தகத்தின் தாள்கள் ஒட்டியிருக்கும். இழுத்துப் பிரித்தால் மூலை கிழியும். பத்துப் பத்துத் தாளாக விரலால் விசிறி விட்டுப் பிரியுங்கள். அடிக்கோடு போட ஜெல் பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறும். பென்சில், அல்லது ஈரமில்லாத மெழுகு ஹைலைட்டர் போதும்.